டர்பனில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது: புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆஸ்பத்திரியில் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தது என்று கேள்விப்பட்டால், டாக்டர் தப்பாக வெட்டிவிட்டார் என்றுதான் முதலில் நினைப்போம். அப்படி நடப்பது அபூர்வம். கேஷுவால்டியிலிருந்து வார்டுக்கு, பகல் நர்ஸிடமிருந்து இரவு நர்ஸிடம், வார்டிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்கு, கடைசியில் வீட்டுக்கு என்று நோயாளி கைமாறும் இடங்களில்தான் தகவல் உதிர்கிறது. 2016இல் தென்னாப்பிரிக்காவின் கௌட்டெங் மாகாண சுகாதாரத் துறை, லைஃப் எசிடிமேனி மனநல இல்லங்களில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அவசர அவசரமாகத் தொண்டு அமைப்புகளிடம் ஒப்படைத்தது. பலர் கோப்பு இல்லாமல், மருந்து இல்லாமல், சிலர் இன்னார் என்று சொல்ல ஒரு காகிதம்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்தார்கள். 144 பேர் இறந்தார்கள். இந்த நாட்டு மருத்துவத் துறையில் இருப்பவர்கள் இன்றும் மறக்காத பாடம் அது.

உங்கள் வீட்டு விஷயம் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் உதிர்வது அதே மூன்றுதான்: பெயர், மருந்து, பேச்சு. கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் மாறாமல் கூடவே இருப்பவர்கள் நோயாளியும் துணைக்குப் போகிறவரும் மட்டுமே. அந்த இருவர் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறோம்.

எங்கே போவது

உயிருக்கு ஆபத்து இல்லை என்றால் முதலில் பக்கத்து கிளினிக். அங்கே ஆரம்ப சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. கிளினிக் தரும் பரிந்துரைக் கடிதத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் வரிசையும் குறையும், கேள்வியும் குறையும். சாட்ஸ்வொர்த் பக்கம் ஆர்.கே. கான், ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி நினைவு ஆஸ்பத்திரி, வெருலம் பக்கம் ஒசிண்டிஸ்வேனி, நகருக்குள் அடிங்டன், கிங் எட்வர்ட். இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி ஆஸ்பத்திரியைப் பெரிய இடம் என்று நம்பி நேரே போகாதீர்கள். வேறு ஆஸ்பத்திரி அனுப்பினால்தான் அங்கே சேர்ப்பார்கள்.

ஆபத்து என்றால் அரசு ஆம்புலன்ஸ் 10177, கைபேசியிலிருந்து 112. தனியார் சேவைகளுக்கு 082 911, 084 124. சாட்ஸ்வொர்த்தில் இருந்தால் யூனிட் எண்ணை முதலில் சொல்லுங்கள், தெருப் பெயர் பிறகு. கேட் பூட்டியிருந்தால் ஒருவர் வெளியே வந்து நில்லுங்கள். இரவில் வண்டி வீட்டைத் தேடிச் சுற்றுவதிலேயே பல நிமிஷம் போய்விடும்.

எடுத்துப் போக வேண்டியவை பாஸ்போர்ட், விசா, முகவரிச் சான்று, சம்பளச் சீட்டு. அரசு ஆஸ்பத்திரியில் வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணப் பிரிவு போடுவார்கள். சீட்டு இல்லையென்றால் முழுக் கட்டணம் எழுதிவிடுவதும் உண்டு. தனியார் ஆஸ்பத்திரி என்றால் மெடிக்கல் எய்ட் எனும் மருத்துவக் காப்பீட்டு அட்டை. அறுவைக்கு முன்பே அவர்களிடம் அனுமதி எண் வாங்க வேண்டும். படிப்பு விசாவில் வந்தவர்களிடம் இந்த அட்டை எப்படியும் இருக்கும், விசாவுக்கே அது நிபந்தனை. 2025இல் டர்பனில் அரசு ஆஸ்பத்திரி வாசலில் சில குழுக்கள் நின்று வெளிநாட்டாரைத் தடுத்தன. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 27ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. வாசலில் சண்டை வேண்டாம். காவலாளியிடம் கேஷுவால்டி சிஸ்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

பெயரை ஒரே மாதிரி வையுங்கள்

நம்மவர்களுக்கு முதல் சிக்கல் இங்கேதான். தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் இருக்கும். இங்கே கம்ப்யூட்டர் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. ஒரு கிளார்க் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போடுவார், அடுத்த முறை இன்னொருவர் உங்கள் பெயரையே போடுவார். ஒரே ஆளுக்கு இரண்டு கோப்பு பிறந்துவிடும். ரத்தப் பரிசோதனை முடிவு ஒரு கோப்பில் போய் உட்காரும், டாக்டர் மற்றதைத் திறந்து வைத்துக்கொண்டு "இன்னும் வரவில்லை" என்பார்.

முதல் நாளே பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒரு எழுத்துக்கூட்டலை முடிவு செய்து ஒரு காகிதத்தில் எழுதிக் கிளார்க்கிடம் கொடுங்கள். வாயால் சொல்லாதீர்கள். கோப்பு எண்ணைப் படமெடுத்து வையுங்கள். உள்ளூர்க்காரர்களுக்கு 13 இலக்க அடையாள எண் இருக்கிறது, அதன் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. உங்களுக்குப் பாஸ்போர்ட் எண்தான் அடையாளம், அதுவோ புதுப்பிக்கும்போது மாறிவிடும். பழைய எண்ணையும் குறித்து வைத்திருங்கள்.

இன்னொரு பக்கம், 1860இலிருந்து இங்கே வேர்விட்ட தமிழர்கள் கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி, செட்டி, படையாச்சி என்று ஒரு கைப்பிடிப் பெயர்களைத்தான் தலைமுறை தலைமுறையாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரு வார்டில் மூன்று கோவெண்டர் படுத்திருப்பது சாதாரணம். அதனால்தான் மருந்து, ஊசி, ரத்தம் எதற்கு முன்னாலும் இரண்டு அடையாளம் பார்க்க வேண்டும் என்பது விதி: முழுப் பெயரும் பிறந்த தேதியும். படுக்கை எண் அடையாளம் அல்ல, படுக்கை மாறும்.

நர்ஸ் "மிஸஸ் பிள்ளை தானே?" என்று கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள். பக்கவாட்டில் ஆட்டும் நம் தலையாட்டலை ஜூலு நர்ஸ் "இல்லை" என்று எடுத்துக்கொள்ளவும் கூடும். பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்: யார் வந்தாலும் தலையாட்ட வேண்டாம், பெயரையும் பிறந்த தேதியையும் வாய் திறந்து சொல்ல வேண்டும். ட்ரிப் போடும்போது கைப்பட்டையை வெட்டியிருந்தால் வேறு கட்டும்வரை விடாதீர்கள். ரத்தம் எடுத்த குழாயில் பெயர்ச் சீட்டைப் படுக்கைப் பக்கத்திலேயே ஒட்ட வேண்டும். நாலு பேருடைய குழாயைத் தட்டில் அள்ளிக்கொண்டு போய் மேஜையில் ஒட்டுவதைப் பார்த்தால் மரியாதையாகக் கேளுங்கள்.

ஒரே தாள்

ஏ4 தாள் ஒன்று போதும். மேலே பெயர், பிறந்த தேதி, கோப்பு எண், துணைவரின் கைபேசி. அடுத்து எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, சாப்பிட்டால் என்ன ஆகும். வாந்தி வருவதும் நாக்கு வீங்குவதும் ஒன்றல்ல, பிரித்து எழுதுங்கள். அடுத்து இருக்கும் நோய்கள், நடந்த அறுவைகள். கடைசியில் இப்போது சாப்பிடும் மருந்துகள்: மருந்தின் மூலப்பெயர், அளவு, வேளை, கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டது. இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று கோப்புக்குள் போகட்டும்.

மூலப்பெயர் ஏன் என்றால், இந்தியாவில் வாங்கிய பிராண்டுப் பெயரை இங்கே யாருக்கும் தெரியாது. கிளைகோமெட் ஜிபி என்று சொன்னால் விழிப்பார்கள். அதில் மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்திருக்கின்றன. இங்கே சர்க்கரை அதிகம் என்று பார்த்துக் குளூக்கோஃபேஜ் எழுதுவார்கள், அதுவும் மெட்ஃபார்மின்தான். வீட்டு மாத்திரையும் ஆஸ்பத்திரி மாத்திரையும் சேர்ந்து இரண்டு மடங்கு உள்ளே போகும். பாராசிட்டமாலிலும் இதே கதை. டோலோ 650இல் 650 மி.கி., இங்கே விற்கும் பனடோவில் 500 மி.கி., மைப்ரோடால் என்ற வலி மாத்திரையிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் கூடாது. பெட்டியில் மிஞ்சியதை எல்லாம் சேர்த்துப் போட்டால் ஈரல்தான் அடி வாங்கும். லேகியம், பஸ்பம், செந்தூரம் சாப்பிட்டால் அதையும் எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சிலவற்றில் பாதரசமும் ஈயமும் இருக்கும், சிறுநீரகம் கெட்டதற்குக் காரணம் தேடும் டாக்டருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

இன்சுலின் போடுகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கென்று சிவப்பு மூடி ஊசி தனியாக உண்டு. இங்கே குப்பியில் வருவது ஒரு மில்லிக்கு 100 யூனிட். ஊரிலிருந்து கொண்டுவந்த 40 ஊசியால் இங்கத்திய இன்சுலினை 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 10 யூனிட் அல்ல, 25. சர்க்கரை தடாலென்று இறங்கி நினைவு தப்பும். பழைய ஊசிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, இங்கே வாங்கும் இன்சுலினுக்கு இங்கேயே ஊசி வாங்குங்கள். சார்ட்டில் அளவுக்குப் பக்கத்தில் யூனிட் என்பதற்கு U என்ற ஆங்கில எழுத்தை மட்டும் போட்டிருந்தால் அது பூஜ்யம் போலத் தெரியும். 4 என்பது 40 ஆகிவிடும். முழுச் சொல்லாக எழுதச் சொல்லிக் கேட்கலாம்.

அளவைகளும் வேறு. ஊரில் சர்க்கரை 180 என்றால் இங்கே 10 என்பார்கள். ஊர் எண்ணை 18ஆல் வகுத்தால் இங்கத்திய எண். "அம்மாவுக்கு சுகர் 3 தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் பிள்ளைகளும் உண்டு. அது ஊர்க் கணக்கில் 54, உடனே கவனிக்க வேண்டிய தாழ்வு. சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் கிரியாட்டினின் ஊரில் 1 என்றால் இங்கே 88. காய்ச்சல் 101 என்று ஃபாரன்ஹீட்டில் சொல்லாதீர்கள், 38.3 என்று சொல்லுங்கள்.

கேஷுவால்டியில்

உள்ளே நுழைந்ததும் ஒரு நர்ஸ் நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், வெப்பம், நினைவு, நடக்க முடிகிறதா என்று பார்த்து மதிப்பெண் போட்டு ஒரு நிறம் கொடுப்பார். சிவப்பு என்றால் உடனே. ஆரஞ்சு 10 நிமிஷத்துக்குள், மஞ்சள் ஒரு மணி நேரத்துக்குள், பச்சை நாலு மணி நேரத்துக்குள். இவை இலக்குகள். கூட்டமான சனிக்கிழமை இரவில் பச்சைக்கு விடியும்வரை ஆகலாம். வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் கோபம் போய்விடும்.

நிறத்தைத் தீர்மானிப்பதில் நீங்கள் சொல்லும் சொல்லுக்கும் பங்கு உண்டு. தமிழ்ச் சொல்லை அப்படியே மொழிபெயர்ப்பதில்தான் வம்பு. "மயக்கம்" என்போம். தலை சுற்றியதா, கண் இருட்டியதா, நினைவே தப்பியதா? முதலாவது பச்சையாகலாம், கடைசி அப்படியல்ல. "கை கால் இழுத்தது" என்றால் சதைப்பிடிப்பா, வலிப்பா, ஒரு பக்கம் விழுந்துவிட்டதா? "நெஞ்சு கரிக்குது" என்பதை வாயுக் கோளாறு என்று நீங்களே முடிவு கட்டிச் சொல்லாதீர்கள். நெஞ்சில் வலி, எத்தனை மணிக்குத் தொடங்கியது, கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, வியர்த்ததா என்று மட்டும் சொல்லுங்கள். நெஞ்சுவலிக்கு இங்கே ஆரஞ்சு. "உடம்பு சூடு" காய்ச்சல் அல்ல என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

காத்திருக்கும்போது நிலைமை மோசமானால், பேச்சு குழறினால், மூச்சு அதிகம் வாங்கினால், தூங்கித் தூங்கி விழுந்தால் "மறுபடி பாருங்கள்" என்று கேளுங்கள். கொடுத்த நிறம் மாறக்கூடியது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் வாசலிலேயே சொல்லி முகக்கவசம் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் காசநோய் அதிகம். ஜன்னல் திறந்திருக்கும் பக்கமாக உட்காருங்கள், குளிருகிறது என்று யாராவது மூடினால் திறக்கச் சொல்லுங்கள்.

வார்டில்

தோளில் மரூன் பட்டை போட்டிருப்பவர் பதிவுபெற்ற நர்ஸ், அவரைத்தான் சிஸ்டர் என்பார்கள். கேள்வி அவரிடம். பெயர்ப் பட்டையில் நாயுடு என்று இருப்பதைப் பார்த்துத் தமிழில் ஆரம்பித்துவிடாதீர்கள். நாலைந்து தலைமுறை கடந்த குடும்பங்கள், ஆங்கிலம் மட்டுமே தெரிந்திருக்கலாம். அக்கா, ஆன்டி என்ற முறைச்சொற்கள் மட்டும் உடனே எடுபடும்.

ஷிப்ட் மாறுவது பொதுவாகக் காலை 7, இரவு 7. அந்த நேரத்தில் போன் செய்தால் யாருக்கும் எதுவும் தெரியாது, எட்டு மணிக்குக் கூப்பிடுங்கள். படுக்கையில் இருப்பவர் புதிய நர்ஸிடம் மூன்றே விஷயம் கேட்டால் போதும்: இன்று எனக்கு என்ன பரிசோதனை, எந்த மருந்து மாறியிருக்கிறது, பட்டினியா சாப்பாடா? கடைசிக் கேள்வியை அற்பமாக நினைக்காதீர்கள். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாடு வராமல் போவதும், ஸ்கேனுக்குப் பட்டினி என்று எழுதியிருப்பது தெரியாமல் வீட்டிலிருந்து இட்லி வருவதும் இப்படித்தான். காவடி விரதமோ வெள்ளிக்கிழமை விரதமோ இருக்கும் சர்க்கரை நோயாளிகள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கையில் ட்ரிப்புக்காகப் போடும் குழாயை இங்கே ஜெல்கோ என்பார்கள். மேலே ஒட்டிய பிளாஸ்திரியில் போட்ட தேதி இருக்க வேண்டும். அந்த இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, தொட்டால் வலித்தாலோ அடுத்த ரவுண்டு வரை பொறுக்காதீர்கள். தேவையில்லாமல் விட்டுவைத்த ஜெல்கோ வழியாகக் கிருமி நேரே ரத்தத்துக்குப் போகும். ட்ரிப் ஓடாமல் இரண்டு நாளாகச் சும்மா இருந்தால் "இது இன்னும் வேண்டுமா?" என்று கேளுங்கள். சிறுநீர்க் குழாய்க்கும் அதே கேள்விதான்.

தொடுவதற்கு முன் கை சுத்தம். கையில் தேய்க்கும் கிருமிநாசினித் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கையுறை கை கழுவியதற்கு மாற்று அல்ல. பக்கத்துப் படுக்கையைத் தொட்ட கையுறையோடு வருபவரைத் தடுத்துக் கேட்பது மரியாதைக் குறைவும் அல்ல. பார்க்க வருகிறவர்களும் கழுவ வேண்டும். பத்துப் பேர் சூழ்ந்து படுக்கையில் ஏறி உட்காருவது நம் பாசம், கிருமிக்கு அது வாகனம்.

ரத்தம் ஏற்றும்போது இரண்டு பேர் சேர்ந்து பை எண், ரத்த வகை, உங்கள் பெயர் மூன்றையும் சத்தமாகப் படித்துச் சரிபார்ப்பார்கள். பொருந்தாத ரத்தம் பெரும்பாலும் முதல் 15 நிமிஷத்திலேயே காட்டிக்கொடுக்கும்: நடுக்கம், இடுப்பு வலி, அரிப்பு, மூச்சுத் திணறல், காரணம் தெரியாத பயம். நர்ஸைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு பை நாலு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்.

விழுவது இரவில், கழிப்பறைக்குப் போகும்போது. மணி கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, ரப்பர் அடிச் செருப்பு இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். தானாகத் திரும்ப முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்ட வேண்டும். வார்டில் ஆள் குறைவு என்றால் எப்படிப் புரட்டுவது என்று கேட்டுக்கொண்டு நீங்களே கைகொடுங்கள்.

தியேட்டருக்கு முன்

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 61ஆம் எண் தேசிய சுகாதாரச் சட்டமே சொல்கிறது. மொழிபெயர்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளையை நிறுத்தாதீர்கள். சொந்தக்காரர்களும் கெட்ட செய்தியை வடிகட்டித்தான் சொல்வார்கள். "ஒன்றுமில்லை, சின்ன ஆபரேஷன்" என்று முடித்துவிடுவார்கள். விஷயத்தை முழுதாகச் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவர் வேண்டும். நோயாளி பேச முடியாத நிலையில் இருந்தால் கையெழுத்துக்கு ஒரு வரிசை உண்டு: கணவன் அல்லது மனைவி, பிறகு பெற்றோர், தாத்தா பாட்டி, வளர்ந்த பிள்ளை, கடைசியில் உடன்பிறந்தவர். மூத்த அண்ணன் சொல்வதே சட்டம் என்பது வீட்டோடு சரி.

திடச் சாப்பாட்டை 6 மணி நேரம் முன்பும், வெறும் தண்ணீரை 2 மணி நேரம் முன்பும் நிறுத்துவது பொதுவான கணக்கு. உங்கள் மயக்க மருந்து டாக்டர் சொல்வதே இறுதி. பால் கலந்த டீ திடச் சாப்பாட்டுக் கணக்கில் சேரும். "காப்பிதானே" என்று குடித்துவிட்டு மறைத்தால் மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகும். குடித்திருந்தால் சொல்லிவிடுங்கள், தள்ளி வைப்பார்கள், அவ்வளவுதான். தாலி, மூக்குத்தி, வளையலைக் கழற்ற வேண்டும்; மின்சாரத்தால் திசுவை வெட்டும் கருவியால் உலோகம் பட்ட இடம் சுடலாம். கழற்றவே முடியாததைப் பிளாஸ்திரி போட்டு மூடச் சொல்லுங்கள். குறைந்தது ஒரு விரலாவது நகப்பூச்சும் அடர் மருதாணியும் இல்லாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆக்ஸிஜன் அளக்கும் கவ்வி தப்பாகக் காட்டலாம்.

இடமா வலமா என்ற அறுவை என்றால், நீங்கள் விழித்திருக்கும்போதே டாக்டர் பேனாவால் குறி போட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியல்படி, மயக்கத்துக்கு முன், வெட்டுக்கு முன், தியேட்டரை விட்டுக் கிளம்பும் முன் என்று மூன்று முறை நிறுத்திச் சரிபார்ப்பார்கள். ஒரே கேள்வியை ஐந்து பேர் கேட்டால் எரிச்சல் வேண்டாம், ஒவ்வொருவரிடமும் முழுப் பதில் சொல்லுங்கள்.

வீட்டுக்கு

டிஸ்சார்ஜ் சுருக்கம், மருந்துப் பை, அடுத்த தேதி. மூன்றும் கையில் வந்த பிறகே கிளம்புங்கள். மருந்துப் பையைச் சிஸ்டர் முன்னாலேயே திறந்து உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள்: எது புதிது, எதை நிறுத்த வேண்டும், எது அளவு மாறியது. நிறுத்தச் சொன்னதை வீட்டு அலமாரியிலிருந்தும் எடுத்துவிடுங்கள். எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிவு வராத பரிசோதனை ஏதாவது இருந்தால் யாரைக் கேட்பது என்றும் கேளுங்கள், இதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள்.

தப்பு நடந்தால்

முதலில் வார்டுப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், பாதி விஷயம் அங்கேயே தீரும். தீராவிட்டால் புகார்ப் படிவம், இல்லையென்றால் ஆஸ்பத்திரித் தலைமை அதிகாரிக்குக் கடிதம். நாள், நேரம், வார்டு, நடந்தது, கேட்பது என்ன என்று அரைப் பக்கத்துக்குள் எழுதுங்கள். வசவு வேண்டாம், அது இருந்தால் அதற்குத்தான் பதில் வரும். அரசு வழிகாட்டுதல்படி 5 வேலை நாளில் கிடைத்ததற்கு ஒப்புகை, 25 வேலை நாளில் தீர்வு. அதன்பின் சுகாதாரத் தர இணக்க அலுவலகமும் அதோடு சேர்ந்த ஹெல்த் ஓம்பட் எனும் சுகாதாரக் குறைகேட்பு அதிகாரியும் இருக்கிறார்கள். டாக்டரின் நடத்தை பற்றி என்றால் மருத்துவத் தொழில் கவுன்சில், நர்ஸ் என்றால் நர்ஸிங் கவுன்சில், மெடிக்கல் எய்ட் பணம் தர மறுத்தால் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சில்.

வழக்கு வரை போகும் எண்ணம் இருந்தால் காலக்கெடு இறுக்கமானது. அரசு ஆஸ்பத்திரி மேல் என்றால் 6 மாதத்துக்குள் எழுத்துமூல அறிவிப்பு கொடுக்க வேண்டும். வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டு. வக்கீலைப் பார்க்கும் முன்பே கோப்பின் நகலைக் கேட்டு விண்ணப்பியுங்கள். தகவல் பெறும் சட்டத்தின் கீழ் அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, 30 நாளில் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தில் கோப்பு எண், அப்போது பதிந்த அதே எழுத்துக்கூட்டலில் பெயர், அப்போதைய பாஸ்போர்ட் எண் மூன்றையும் எழுதுங்கள். இடையில் பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் பழைய எண்ணில்தான் உங்கள் கோப்பு தூங்கிக்கொண்டிருக்கும்.